டொரன்ட் வைத்திருந்தாலே குற்றமா?

கேள்வி: ஹாஸ்டல் வைஃபையில் டொரன்ட் ஓடியது என்று வார்டன் கூப்பிட்டு விசாரிக்கிறார். டொரன்ட் பயன்படுத்துவதே சட்டவிரோதமா?

இல்லை. டொரன்ட் என்பது ஒரு கோப்பைப் பலருடைய கணினிகளிலிருந்து வாங்கிக்கொள்ளும் முறை, அவ்வளவுதான். எதை இறக்கினீர்கள் என்பதுதான் விஷயம். லினக்ஸ் மாதிரி இலவச மென்பொருள் ஏதாவது இறக்கியிருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

ஒரு பொறியியல் கல்லூரியில் நான் லேப் அசிஸ்டன்டாக இருந்தபோது லேப் முழுக்க டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) போடச் சொன்னார்கள். டிவிடி அளவுக்கு ஐஎஸ்ஓ, அதாவது நிறுவுவதற்கான ஒரே பெரிய கோப்பு. பிரவுசரில் இறக்கினால் பாதியில் கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து. டெபியன் தளத்திலேயே டொரன்டும் தருகிறார்கள். அதில் கோப்பு துண்டு துண்டாக வரும், ஒவ்வொரு துண்டையும் ஹாஷ் என்ற அடையாளக் குறியீட்டை வைத்துச் சரிபார்க்கும், பழுதான துண்டை மட்டும் வேறொருவரிடமிருந்து வாங்கிக்கொள்ளும். கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இறங்கி முடிந்ததும், மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று சீட் செய்ய, அதாவது அவர்களும் இந்தக் கணினியிலிருந்து எடுத்துக்கொள்ள, விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மேசையில் மெமோ. 'பைரசியில் ஈடுபட்டதாக'! நெட்வொர்க்கைக் காவல் காக்கும் ஃபயர்வாலின் பதிவில் பிட்டொரன்ட் (டொரன்ட் முறையின் முழுப்பெயர்) என்று ஒரு வரி இருந்தது, அவ்வளவுதான் ஆதாரம். கோப்பையே திறந்து காட்டினேன். "டொரன்ட்னாலே படம்தானேப்பா" என்றார் எச்ஓடி. விளக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். மாணவர்கள் அந்த டெபியனில்தான் சி புரோகிராம் எழுதிப் பழகினார்கள். மெமோ கொடுக்கும்போது மட்டும் நாங்கள் ஸ்டாஃப். இன்க்ரிமென்ட் கேட்டால் 'நீங்க கான்ட்ராக்ட்தானே'. எத்தனை கல்லூரிகளில் இதே கதை என்று லேபில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திருட்டுப் படத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கமென்டில் வர வேண்டாம். தியேட்டரில் கேமரா வைத்து எடுப்பவருக்கு 2023 சட்டத்திருத்தத்தின்படி மூன்றாண்டு வரை சிறை, அது நியாயமே. ஆனால் அமெரிக்க புரோகிராமர் பிராம் கோஹன் 2001இல் பிட்டொரன்டை வெளியிட்டது பெரிய கோப்புகளை ஒரே சர்வர் சுமக்காமல் பலரும் பகிர்ந்துகொள்வதற்காக. விண்டோஸ் 10கூட அப்டேட்டுகளை மற்ற கணினிகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும். அதை யாரும் பைரசி என்பதில்லை.

இந்தச் சந்தேகம் கல்லூரியோடு நிற்கவில்லை. 2012இல் படத் திருட்டைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட ஓர் உத்தரவைக் காட்டி இணைய நிறுவனங்கள் விமியோ என்ற வீடியோ தளத்தைக்கூட முடக்கின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் முடக்குங்கள் என்று நீதிமன்றமே பிறகு தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஹாஸ்டல் விதியில் டொரன்ட் கூடாது என்று எழுதியிருந்தால் அங்கே ஓட்டாதீர்கள், அது அவர்களுடைய நெட்வொர்க். அப்படி எழுதவில்லையென்றால், டொரன்ட் இறக்கும் மென்பொருளை (கிளையன்ட்) திறந்து கோப்பின் பெயரையும், அது கிடைத்த அதிகாரப்பூர்வப் பக்கத்தையும் வார்டனிடம் காட்டுங்கள். பைரசி என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.