நான்கு பேரும் நான்கு கச்சேரி செய்கிறார்களா?

கேள்வி: மும்பையில் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸிலும் சண்முகானந்தாவிலுமாக முப்பது ஆண்டுகளாகக் கச்சேரி கேட்டு வருகிறேன். விடுமுறைக்கு வந்திருந்த என் மகன், ஆர்னெட் கோல்மன் என்ற அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞரின் ‘சவுண்ட் கிராமர்’ ஆல்பத்தைப் போட்டுக் காட்டினான். புலிட்சர் பரிசு பெற்றதாம். எனக்கோ நான்கு பேர் ஒரே மேடையில் நான்கு கச்சேரி செய்வது போலிருந்தது. தாளம் பிடிபடவில்லை. குறை என் காதிலா, அவர்கள் வாசிப்பிலா? (ஒரு வாசகர், செம்பூர்)

பதில்: நான்கு கச்சேரி என்று நீங்கள் எழுதியிருப்பதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய்விடலாம்.

முதலில் மேடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். டெக்ஸாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த்தில் 1930-இல் பிறந்த கோல்மன், தமது எழுபத்தைந்தாம் வயதில், 2005 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபென் நகரில் செய்த கச்சேரியின் பதிவு இது. 2006-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் பெற்றது. கோல்மன் ஆல்டோ சாக்ஸபோனும், இடையிடையே ட்ரம்பெட்டும் வயலினும் வாசிக்கிறார். ட்ரம்ஸ் வாசிப்பவர் அவருடைய மகன் டெனார்டோ. பத்து வயதிலேயே தந்தையின் ஆல்பத்தில் வாசித்தவர். மற்ற இருவரிடமும் ஒரே வாத்தியம், ஆளுயர வயலின் போன்ற டபுள் பேஸ். கிரெக் கோஹன் அதை விரலால் மீட்டுகிறார், டோனி ஃபலாங்கா வில்லால் இழைக்கிறார்.

வழக்கமான ஜாஸில் ஒரு பாட்டின் கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வரிசை, தாளத்தின் ஆவர்த்தனம் போலச் சுற்றிச் சுற்றி வரும். தனி வாசிப்பவர் எவ்வளவு தூரம் போனாலும், கீழே ஓடும் அந்த வரிசையைக் கொண்டு அவர் எங்கே நிற்கிறார் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். கோல்மன் எடுத்து எறிந்தது அந்த வரிசையைத்தான். அந்த வழிக்குத்தான் ஃப்ரீ ஜாஸ் என்று பெயர். 1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் பியானோவே இல்லாத நால்வர் குழுவுடன் அவர் வாசித்தபோது, மேதை என்று கொண்டாடியவர்களும் ஏமாற்று வேலை என்று முகம் சுளித்தவர்களும் அக்கம்பக்கத்து மேஜைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் மெட்டை அவர் விடவில்லை. இந்த ஆல்பத்திலும் உருப்படியின் தொடக்கத்தில் ஒரு சிறிய மெட்டு வரும், கடைசியில் அது திரும்பும். மேடை ஏறியபின் தோன்றியதை வாசிக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், வேகமான அந்த மெட்டுகளை அவர்கள் ஒன்றாக எடுத்து ஒன்றாக முடிப்பதைக் கேட்கச் சொல்லுங்கள். ஒத்திகை இல்லாமல் அது நடக்காது.

‘இதுவும் நம் மனோதர்மம் (மேடையிலேயே செய்யும் கற்பனை) மாதிரிதான்’ என்று சொல்லித் தேற்றுவது நம்மவர்களிடையே வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆலாபனையில் பாடகர் எங்கு சஞ்சரித்தாலும் ராகம் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரே வரியைப் பலவிதமாகப் பாடும் நிரவலில் சாகித்ய வரியும் தாளத்தில் அது தொடங்கும் இடமான எடுப்பும் பிடித்து வைத்திருக்கின்றன. கோல்மனிடம் அப்படிக் கட்டிவைக்கும் கயிறு இல்லை. மெட்டு கிளப்பிவிட்ட மனநிலையைப் பற்றிக்கொண்டு ஒரு சங்கதி வாசிப்பார், அது முடிந்த இடம் அடுத்த சங்கதியைத் தீர்மானிக்கும். ஆதார சுரமே நகர்ந்து போனாலும் அவருக்குக் கவலை இல்லை. இதைவிடப் பெரிய வேறுபாடு மேடை ஒழுங்கில் இருக்கிறது. நம் கச்சேரியில் வயலின் பாடகரை நிழலாகத் தொடரும். பக்கவாத்தியம் என்ற சொல்லிலேயே யார் நடுவில், யார் பக்கத்தில் என்பது அடங்கிவிடுகிறது. முப்பது ஆண்டுகளாக அந்த ஒழுங்கில் பழகிய உங்கள் காது, ஃபலாங்காவின் வில் சாக்ஸபோனைத் தொடரும் என்று காத்திருக்கிறது. வில்லோ தொடர்வதில்லை; சாக்ஸபோன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அதே நேரத்தில், வேறொன்றைச் சொல்கிறது. நான்கு கச்சேரி என்று உங்களுக்குத் தோன்றியது இங்கேதான்.

ஆகையால் நால்வரையும் ஒன்றாகக் கேட்க முயலாதீர்கள். முதலில் ‘டர்ன்அரவுண்ட்’ என்ற உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். அது பன்னிரண்டு பார் (தாளக் கட்டம்) கொண்ட ப்ளூஸ் அமைப்பில் பிறந்தது. 1959-லேயே கோல்மன் பதிவு செய்த மெட்டு. மற்றவற்றைவிட அதில் கால் ஊன்ற இடம் அதிகம். முதல் தடவை கோஹனின் விரலை மட்டும் கேளுங்கள், அடுத்த தடவை வில்லை மட்டும். சாக்ஸபோனை மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அது வேறு வாத்தியமாகக் கேட்கும். பிறகு ‘ஸ்லீப் டாக்கிங்’. அதன் மெட்டு ஸ்ட்ராவின்ஸ்கி 1913-இல் அரங்கேற்றிய ‘வசந்தச் சடங்கு’ பாலேயின் தொடக்கத்தில் வரும் பஸ்ஸூன் (நீண்ட மரக்குழல் வாத்தியம்) வரியை நினைவூட்டும். மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் ஒருநாள் விடியற்காலையில் இதைப் போட்டபோது, அடுப்படியிலிருந்த என் மனைவி, “தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் காற்று விடுகிறதா?” என்று கேட்டபடி வாளியை எடுத்துக்கொண்டு போனார். வில், தந்தியின் அடிமட்டத்தை உரசும் அந்த ஓசைக்கு அதைவிடப் பொருத்தமான வர்ணனையை நான் எந்த விமர்சனத்திலும் படித்ததில்லை.

எல்லாமே பிடிக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய ட்ரம்பெட்டை நான் பொறுத்துக்கொள்கிறேன், வயலினை அதுவும் முடிவதில்லை.

கேள்வி: இதே ஆல்டோ சாக்ஸபோனில் கத்ரி கோபால்நாத் சுத்தமான சுருதியோடு கல்யாணியும் தோடியும் வாசித்தாரே. கோல்மனால் ஏன் சுருதியில் நிற்க முடியவில்லை? (ஒரு வாசகி, டோம்பிவிலி)

பதில்: முடியாமல் இல்லை, அவர் நிற்க விரும்பிய இடம் வேறு. நீங்களே தோடியைச் சொல்லிவிட்டதால் அதையே எடுத்துக்கொள்வோம். தோடியின் காந்தாரத்தை ஹார்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்தி வாசித்தால் சுரஸ்தானம் சரியாகத்தான் இருக்கும், தோடிதான் இருக்காது; அசைவில்தான் அந்த காந்தாரம் உயிரோடிருக்கிறது. கட்டைகளால் ஆன சாக்ஸபோனில் அந்த அசைவு வர வேண்டும் என்பதற்காகவே கோபால்நாத் வாத்தியத்தின் அமைப்பையே மாற்றிக்கொண்டார். கோல்மன் அதே தேவையை உதட்டிலும் மூச்சிலும் தீர்த்துக்கொண்டார். ஒரு சுரத்தை மகிழ்ச்சியான சொற்றொடரில் ஓர் இம்மி மேலேயும், துயரமான சொற்றொடரில் ஓர் இம்மி கீழேயும் வைப்பார், பேசும்போது நம் குரல் ஏறி இறங்குவதைப் போல. 1950-களில் வெள்ளை நிற பிளாஸ்டிக் ஆல்டோவில் வாசித்த காலத்திலிருந்தே அந்த விம்மல் அவரிடம் உண்டு, எழுபத்தைந்து வயதிலும் மாறவில்லை. நமக்கு கமகம் என்ற பெயரும் அதற்கொரு இலக்கணமும் இருக்கின்றன. அவருடைய ஏற்ற இறக்கத்துக்கு அவர் ஒருவர்தான் இலக்கணம், அதனால்தான் பிசகு போலக் கேட்கிறது. இரண்டு உலகங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கேட்க ஆசையிருந்தால், அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் கோபால்நாத்தும் சேர்ந்து வாசித்து 2008-இல் வெளிவந்த ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தைத் தேடிக் கேளுங்கள். அது ஃப்ரீ ஜாஸ் அல்ல என்றாலும் உங்கள் கேள்விக்கு அருகில் இருப்பது.

கேள்வி: ஃப்ரீ ஜாஸ் கேட்கத் தொடங்குபவர், அந்தப் பெயரையே தலைப்பாகக் கொண்ட கோல்மன் ஆல்பத்திலிருந்து தொடங்கலாமா? (ஒரு கல்லூரி மாணவர், மாட்டுங்கா)

பதில்: வேண்டாம். 1960 டிசம்பர் 21 அன்று எட்டுப் பேர், இரண்டு நால்வர் குழுக்களாகப் பிரிந்து, ஏறக்குறைய முப்பத்தேழு நிமிடம் இடைவிடாமல் வாசித்தது அது. முதல் நாளே அதில் இறங்கினால் மூச்சுத் திணறும். அதற்கு முந்தைய ஆண்டு பதிவான ‘லோன்லி உமன்’ ஒன்றே போதும். பில்லி ஹிக்கின்ஸின் ட்ரம்ஸ் துரித காலத்தில் ஓட, சாக்ஸபோனும் டான் செரியின் கார்னெட்டும் (ட்ரம்பெட் போன்ற சிறிய வாத்தியம்) விளம்ப காலத்தில் ஓர் அழுகையை இழுக்கும். இரண்டுக்கும் நடுவே சார்லி ஹேடனின் பேஸ் தம்பூரா போல ஆதாரத்தில் நிற்கும். ஐந்து நிமிடம்தான், மாட்டுங்காவில் ரயில் ஏறினால் பரேல் வருவதற்குள் முடிந்துவிடும். ஆனால் ரயிலில் கேட்காதீர்கள். சக்கரச் சத்தத்தில் ஹேடன் காணாமல் போய்விடுவார்.