ஐ.நா.வுக்கு எழுத அங்கீகாரம் வேண்டுமா?

வேண்டாம். பழங்குடி மக்கள் உரிமைகளுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கு (ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் நியமிக்கும் தனி நிபுணர்) யாரும் புகார் அனுப்பலாம், ஆன்லைன் படிவம் இருக்கிறது. இங்கே கோர்ட் கேஸ் முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.

நீலகிரி ஊர்களின் வன உரிமைக்காக உங்கள் சென்னைக் குழு வெளிநாட்டு அமைப்புகளுக்கு மெயில் போட்டும் பதில் வரவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம், கடிதம் உங்கள் லெட்டர்பேடில் போனதுதான். அவர்கள் தேடுவது அந்த ஊர்க்காரர்களின் குரலை.

1. 2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபை போட்ட தீர்மானம் கையில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அப்புறம்.

2. தீர்மானம், மனு கொடுத்த தேதிகள், அதிகாரிகளின் பதில் மூன்றையும் இரண்டு பக்கத்தில் சுருக்குங்கள். பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய 2007 ஐ.நா. பிரகடனத்தை இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் இந்தியர் எல்லோருமே பூர்வகுடிகள் என்பது அரசின் வாதம். அதனால் பிரகடனத்தை மட்டும் நம்பாமல், பட்டியல் பழங்குடி என்ற சட்ட நிலையையும் சேர்த்து எழுதுங்கள்.

3. தாய்லாந்தின் சியாங் மாயில் இயங்கும் ஆசியப் பழங்குடி மக்கள் கூட்டமைப்பை அணுகுங்கள். அதில் இந்திய உறுப்பினர்களும் உண்டு.

பழங்குடி மக்கள் பற்றி ஜெனீவாவில் நடக்கும் ஐ.நா. கூட்டத்துக்குப் போக, 1985-இல் தொடங்கிய பழங்குடி மக்களுக்கான ஐ.நா. தன்னார்வ நிதி உதவும். அது பழங்குடிப் பிரதிநிதிகளுக்கு மட்டும். நீங்கள் விண்ணப்பிக்காதீர்கள், ஊரில் ஒரு பெண்ணை அனுப்பப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: புகாரில் எழுதும் பாதிக்கப்பட்டவர்களின் பெயர்கள் வழக்கமாக அரசுக்குப் போகும், பிறகு பொதுவிலும் வெளியாகும். அவர்களிடம் இதை விளக்கிச் சம்மதம் வாங்காமல் அனுப்பவே கூடாது. வெளிநாட்டிலிருந்து பணம் தருவதாகச் சொன்னால், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.