முகத்துக்கு நேரே பேசினால் லாபமா?

கேள்வி: "ரஷ்ய எண்ணெயை வாங்கத்தான் செய்வோம் என்று 2022இல் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் ஐரோப்பாவுக்கு முகத்துக்கு நேரே சொன்னார். எங்கட அரசாங்கங்கள் மட்டும் ஏன் எல்லாரிடமும் நெளிகின்றன?" – வாசகர் ஒருவர், கிளிநொச்சி.

பதில்: எங்கட ஆட்கள் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசாத காலமா! ஐரோப்பாவுக்கு எங்கள் பொருட்களை வரிச்சலுகையோடு அனுப்ப உதவும் ஜிஎஸ்பி பிளஸ் சலுகை வேண்டுமென்றால் மனித உரிமை விசயத்தில் எழுத்தில் உறுதி தாருங்கள் என்று 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் கேட்டது. அது எங்கள் வீட்டு விவகாரம் என்ற தோரணையில் நின்றது கொழும்பு. மேடையில் நல்ல கைதட்டு. ஆகஸ்டில் போன சலுகை திரும்பி வர 2017 மே ஆகிவிட்டது.

2021இல் சீனாவிலிருந்து வந்த சேதன உரக் கப்பல் இன்னும் நல்ல பாடம். உரத்தில் தீங்கான பக்டீரியா என்று எங்கள் பரிசோதகர்கள் சொன்னார்கள், கப்பலை இறக்க விடவில்லை, மக்கள் வங்கி காசு கொடுக்காமல் நீதிமன்றம் தடுத்தது, உடனே சீனத் தூதரகம் அந்த வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. எங்கள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் கையில் டொலர் இல்லை. 2022 ஜனவரியில், இறக்காத உரத்துக்கு 6.7 மில்லியன் டொலர் கட்டினோம்! இரசாயன உரத்தையும் முன்பே தடைசெய்திருந்ததால், அந்தக் காலபோகத்தில் முரசுமோட்டைப் பக்கம் வரம்பில் நின்று பார்த்தால் குடலைப் பருவத்து நெல் மஞ்சளித்து நின்றது.

இந்தியா பேசலாம், அவ்வளவு பெரிய சந்தையை யாரும் லேசில் விடமாட்டார்கள். அதுக்கும் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 வீத வரி போட்டது, அதில் பாதி அந்த எண்ணெய்க்காகவே. எங்களுக்கு ஏப்ரலில் 44 வீதம் என்றார்கள், எங்கட அரசாங்கத்து ஆட்கள் சத்தமில்லாமல் கோப்போடு போய் வந்தார்கள், ஆகஸ்டில் 20. பேச்சால் மட்டும் குறைந்தது என்று சத்தியம் செய்யமாட்டேன், பல நாடுகளுக்கும் குறைத்தார்கள். ஆனால் விடியப்புறம் ஏ-9 வீதியில் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு அந்த 24 வீதம் சின்ன விசயமில்லை.

சரி, ஒரு விசயத்தில் மட்டும் நானும் உங்கள் கட்சி. கடலடியையே வாரியெடுக்கும் அடிமடி இழுவை மீன்பிடியை 2017இல் சட்டம் போட்டே தடைசெய்தோம். பிறகும் முல்லைத்தீவுக் கடலில் இந்திய இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போகிறது. கையில் சட்டம் இருக்கிற இடத்தில், டில்லியிடம் இன்னும் கொஞ்சம் முகம் முறித்துப் பேசினால் கோவிக்கமாட்டேன்.