எந்த வாயு, எந்த ஜோன்? டெம்பரேச்சர் சென்சார் கேள்வி பதில்

கேள்வி: ஹெக்ஸேன் ஊற்றித் தவிட்டு எண்ணெய் எடுக்கும் ஆலை. எந்த ஃப்ளேம்ப்ரூஃப் (உள்ளே வெடித்தாலும் தீ வெளியே பரவாத) ஆர்டிடி, அதாவது மின்தடையை வைத்து வெப்பம் அளக்கும் சென்சார், வாங்கலாம்?

வாயுவின் பெயரைச் சொல்லிக் கேட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. ஹெக்ஸேன் ஐஐஏ குரூப் (வாயு எவ்வளவு எளிதில் வெடிக்கும் என்ற பிரிவு), டி3 வகுப்பு (கருவி எவ்வளவு சூடாகலாம் என்ற வரம்பு). அதாவது மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டக் கூடாது. பம்ப் பக்கம் ஜோன் 1 (ஆவி அவ்வப்போது வரக்கூடிய இடம்) என்றால் எக்ஸ் டி ஹெட், அதாவது சென்சாரின் ஃப்ளேம்ப்ரூஃப் இணைப்புப் பெட்டி, சரி. ஆவி எந்நேரமும் நிற்கும் டேங்கின் உள்பக்கம் ஜோன் 0. அங்கே எக்ஸ் ஐஏ (பொறி வந்தாலும் பற்றாத அளவுக்கு மின்சக்தியையே குறைத்த வகை) கேளுங்கள். ஏடெக்ஸ் சான்று ஐரோப்பாவுக்கு; இங்கே பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதலையும் பாருங்கள்.

சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். ஹெட்டில் இரண்டு துளை இருந்தால் ஒன்றில் கேபிள் போகும். மற்றதில் பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் மூடியே கிடக்கும். அப்புறம் அது ஃப்ளேம்ப்ரூஃப் இல்லை. சான்று பெற்ற கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் மூட்டு), சான்று பெற்ற உலோகப் பிளக், இரண்டும் வேண்டும்.

கேள்வி: டி6 (மேற்பரப்பு 85 டிகிரிக்குள், மிகக் கடுமையான வகுப்பு) வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமே?

ஆகாது. குரூப் வேறு, டி வகுப்பு வேறு. ஹைட்ரஜனுக்கு டி1 போதும், ஆனால் குரூப் ஐஐசி அல்லது ஐஐபி+ஹெச்2 கட்டாயம். தவிர, 300 டிகிரிக் குழாயின் சூடு கழுத்து வழியே ஹெட்டுக்கு ஏறும். நெக்கை நீளமாகக் கேளுங்கள்.

கேள்வி: தெர்மோகப்பிளில் வருவதே சில மில்லிவோல்ட். அதை எக்ஸ் ஐஏ சுற்றில் போட எதற்கு பேரியர் (கம்பியில் போகும் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் கருவி)?

கம்பியின் மறுமுனை எங்கே இருக்கிறது? பேனலில். அங்கே பழுதாகி 230 வோல்ட் ஏறினால் அந்தக் கம்பி வழியாகத்தான் ஆபத்தான இடத்துக்கு வரும். பேரியர் அதைத் தடுக்கத்தான்.

இன்னொருவர்: எக்ஸ் டி ஹெட்டுக்குள் இருந்தால் பேரியர் வேண்டாமே?

வேண்டாம், நீங்கள் சொல்வது சரி. ஆனால் மின்சாரம் ஓடும்போது அந்த மூடியைத் திறக்கக் கூடாது. எக்ஸ் ஐஏ சுற்றில் திறந்து அளக்கலாம். பராமரிப்புக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், எது வேண்டும் என்று அவரே சொல்வார்.

அவரே: அப்படியென்றால் மலிவான ஜீனர் பேரியரே (அதிக வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் வகை) போதுமா?

எர்த் 1 ஓமுக்குள் இருந்தால் போதும். ஆனால் தெர்மோகப்பிள் முனை உறையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் அங்கே ஓர் எர்த், பேரியரில் இன்னோர் எர்த், ரீடிங் ஆடும். அங்கே ஐசொலேட்டர் (இரு பக்கத்தையும் மின்தொடர்பில்லாமல் பிரிக்கும் பேரியர்) போடுங்கள், மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: பட்டாசு ஆலை உலர்த்தும் அறைக்கு?

வெடிபொருள் தயாரிப்பு, வெடிக்கும் வாயுச் சூழல் கருவிகளுக்கான ஐஇசி 60079 தரத்துக்குள் வராது. சிவகாசியிலேயே பெசோ அலுவலகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

கேள்வி: ஃப்ளேம்ப்ரூஃப் பிடி100 (பிளாட்டினம் ஆர்டிடி) என்ன விலை?

எந்த வாயு? எந்த ஜோன்? மேலே படித்துவிட்டு வாருங்கள். விலை கேட்கும்போது கிளாண்டும் பிளக்கும் சேர்த்தா என்று கேளுங்கள்.