அலெக்சாந்தரை வென்ற பொற்கொல்லன்: ஸ்லாவிய நாளாகமங்கள் குறித்துக் கேள்வி பதில்

கேள்வி: போலந்துக்காரர்கள் அலெக்சாந்தரையே தோற்கடித்தார்கள் என்று யார் எழுதியது?

பதில்: 1208 முதல் 1218 வரை கிராகோவ் ஆயராக இருந்த வின்சென்டி கட்லுபெக், தம் லத்தீன் நாளாகமத்தில் (ஆண்டுவாரியான வரலாற்று நூலில்). ஒரு பொற்கொல்லன் மரத்திலும் மரப்பட்டையிலும் தலைக்கவசங்கள், கேடயங்கள் செய்து, மினுமினுப்புப் பூசி, வெயில் படும்படி மலைமேல் வைக்கிறான். பெரும்படை நிற்பதாக நம்பி அலெக்சாந்தரின் படையினர் நெருங்குவதற்குள் எல்லாவற்றையும் அகற்றிவிடுகிறான். பயந்து ஓடிவிட்டார்கள் என்று எண்ணி எச்சரிக்கை தளர்ந்தவர்களைப் பதுங்கியிருந்தவர்கள் வெட்டிச் சாய்க்கிறார்கள். பொற்கொல்லன் லெஸ்டெக் என்ற பெயரில் அரசனாகிறான். இதற்குச் சான்றாக அலெக்சாந்தரின் கடிதத் தொகுப்பு ஒன்றையே கட்லுபெக் காட்டுகிறார்!

கேள்வி: சீசரும் அதில் வருகிறாராமே?

பதில்: வருகிறார். போலந்து மன்னன் மூன்றாம் லெஸ்டெக் அவரை மூன்று முறை வெல்கிறான். சீசர் தம் தங்கை ஜூலியாவை மணமுடித்து, பவேரியாவைச் சீதனமாகத் தருகிறார். ரோமானியத் தளபதி கிராசுஸின் வாயில் உருக்கிய பொன்னை ஊற்றியவனும் இவனே. ரோமானிய ஆசிரியர்கள் அச்செயலைப் பண்டைய ஈரானின் பார்த்தியர்களுக்கு உரியதாகச் சொல்கிறார்கள். கட்லுபெக்கின் உத்தி இதுதான்: படித்தவர்களுக்குத் தெரிந்த நிகழ்ச்சி அப்படியே இருக்கும், வென்றவன் மட்டும் மாறுவான். எனவே அவர் எதைப் படித்திருந்தார் என்று முதலில் தேடுங்கள்.

கேள்வி: செர்பியர்கள் ரோமானியப் பேரரசர் லிசினியுஸைத் தங்கள் அரசர்களின் மூதாதையாகக் கொண்டது ஏன்? அவர் கான்ஸ்டன்டைனிடம் தோற்றவர் அல்லவா?

பதில்: மனைவிக்காக. லிசினியுஸ் மணந்த கான்ஸ்டன்டியா, பேரரசர் கான்ஸ்டன்டைனின் தங்கை. அந்த வழியில் வந்தால் முதல் கிறிஸ்தவப் பேரரசருடன் இரத்த உறவு. 15ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி கான்ஸ்டன்டைன் என்ற எழுத்தாளர் எழுதிய, செர்பிய ஆட்சியாளர் ஸ்டெஃபான் லாசரெவிச்சின் வரலாறு இதைச் சொல்கிறது. ஸ்டெஃபானின் தாய் மிலிட்சா, செர்பியாவை முன்பு ஆண்ட நெமானிச் வம்சத்தவள். ஆட்சியுரிமைக்கு அந்த வழி தேவைப்பட்டது. ஆனால் தலைமுறைகளை எண்ணிப் பாருங்கள்: லிசினியுஸ் இறந்தது 325இல், நெமானிச் வம்சத்தை நிறுவிய நெமான்யா இறந்தது 1199இல். நடுவே பேலா உரோஷ், திஹோமில் என இரண்டே பெயர்கள்.

கேள்வி: கீவ் நாளாகமத்திலும் இப்படி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் நோக்கம் வேறு. 1114ஆம் ஆண்டுக் குறிப்பில், பைசாந்திய ஆசிரியர் மலாலாஸின் நூலிலிருந்து எடுத்த பகுதியில், கிரேக்கக் கடவுள் ஹெஃபெஸ்துஸ் எகிப்திய மன்னனாகிறார். அவர் பெயர் அங்கே ஸ்வரோக் என்ற ஸ்லாவியக் கடவுளின் பெயர். மகனான சூரியக் கடவுள் ஹீலியோஸ், ஸ்லாவியக் கடவுள் தாஜ்பொக்கின் பெயரைப் பெறுகிறார். கடவுளரை மனித அரசர்களாக்கியது மலாலாஸ். ஸ்லாவியப் பெயர் சூட்டியது மொழிபெயர்ப்பு. இரண்டையும் பிரிக்காமல், 'ஸ்லாவியர் எகிப்திலிருந்து வந்தார்கள்' என்று இணையத்தில் எழுதுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

கேள்வி: இந்த மாற்றங்களை நாமே கண்டுபிடிக்க வழி?

பதில்: மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதே. பைசாந்திய ஆசிரியர் மனாசெஸின் கிரேக்க நாளாகமத்தில் தொடங்கலாம். பழைய ரோமாபுரி வீழ, புது ரோமாபுரி செழிக்கிறது என்னும் இடத்தில் கிரேக்க மூலத்தில் பைசாந்தியப் பேரரசர் மனுவேல் புகழப்படுகிறார். 14ஆம் நூற்றாண்டு பல்கேரிய மொழிபெயர்ப்பில் அவ்விடத்தில் இருப்பவர் பல்கேரிய மன்னர் (ஜார்) இவான் அலெக்சாந்தர். பெயர் மாறிய வரியைக் கண்டதும், அந்தக் கைப்பிரதியைச் செய்வித்தவர் யார், எந்த ஆண்டு என்று பாருங்கள்.