தொடர் கொலையாளிகளைப் பற்றிய நாடகங்களை ஏன் விடாமல் பார்க்கிறோம்?

ரத்தத்தைப் பார்க்க அல்ல என்பது என் எண்ணம். 2017இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'மைண்ட்ஹண்டர்' தொடரில் கொலைக்காட்சிகள் மிகக் குறைவு. சிறைக்குள் ஒரு மேசை. எதிரே அமெரிக்கத் தொடர் கொலையாளி எட் கெம்பர், ஆறடி ஒன்பது அங்குலம். பேட்டி காண வந்த எஃப்.பி.ஐ. அதிகாரியிடம் முட்டை சாண்ட்விச் வேண்டுமா என்று கேட்கிறான். வயிற்றைக் கலக்குவது அந்த உபசரிப்புதான்.

நிஜக் கெம்பரும் போலீஸார் கூடும் மதுக்கூடத்தில் அவர்களோடு சிரித்துப் பழகியவன். 1973இல் தானே தொலைபேசியில் அழைத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, முதலில் நம்ப மறுத்தார்கள். இத்தனை சாதாரண முகத்துக்குள் என்ன ஓடுகிறது என்ற கேள்விதான் நம்மை அடுத்த பகுதிக்கு இழுக்கிறது. நம் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது என்ற தைரியமும் சேர்ந்துகொள்கிறது.

எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. கெம்பரின் பெயர் மறக்கவில்லை. அவன் கொன்ற மாணவிகளில் ஒருவர் பெயர்கூட என் நினைவில் இல்லை.