ஹாரி கேன் ஜெர்மனிக்குப் போனபோது டாட்டன்ஹாம் ரசிகர்களுக்குக் கோபமே வரவில்லையா?

வந்தது. ஆனால் அவர் போன 2023-இல் இல்லை, அதற்கு இரண்டு வருடம் முன்னாடியே வந்து தீர்ந்துவிட்டது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் புரியாது.

நான் வடக்கு லண்டனில் எட்மன்டனில் இருக்கிறேன், டாட்டன்ஹாம் கால்பந்து கிளப்பின் ஸ்டேடியத்துக்கு பஸ்ஸில் போய்விடலாம். 2021 கோடையில் எங்கள் ஸ்ட்ரைக்கர் கேன் மான்செஸ்டர் சிட்டிக்குப் போக ஆசைப்பட்டார், கிளப் விடவில்லை. அப்போது ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருடம் பாக்கி. பயிற்சிக்கும் தாமதமாக வந்து சேர்ந்தார். 11 வயதில் எங்கள் அகாடமிக்கு வந்த பையன், இதே லீக்கில் இன்னொரு பெரிய அணிக்குப் போய் எங்களுக்கு எதிராகவே கோல் போடுவதை நினைத்தால் வயிறு எரிந்தது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று வாய்விட்டே சொன்னேன். அந்த சீசனின் முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில், அதே சிட்டியோடு. கேன் அணியில் இல்லை. சன் ஹியுங்-மின் ஒரு கோல் போட்டு 1-0 என்று ஜெயித்தோம். கேன், பார்க்கிறாயா என்று மைதானமே சேர்ந்து கேட்டது, நானும் தொண்டை கட்டும் வரைக்கும் கத்தினேன்.

பத்து நாளில் இங்கேயே இருக்கிறேன் என்று அறிவித்தார். அப்புறம் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களால் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. 2023 பிப்ரவரியில் சிட்டிக்கு எதிராகவே கோல் போட்டு, எங்கள் கிளப்புக்கு அதிக கோல் போட்டவர் என்று ஜிம்மி கிரீவ்ஸ் வைத்திருந்த 266 கோல் சாதனையைத் தாண்டினார். அந்த சீசனில் லீக்கில் மட்டும் 30 கோல், அணியோ எட்டாவது இடம்! ஒரு ஸ்ட்ரைக்கர் 30 கோல் போட்டும் ஒரு கிளப் எட்டாவது இடத்தில் முடிகிறது என்றால் தப்பு யார் பக்கம்? அதனால் அவர் போனபோது எங்கள் ஆத்திரம் முழுக்க நிர்வாகத்தின் மேல் திரும்பியது. இரண்டு லீக் கப் ஃபைனல், ஒரு சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், மூன்றிலும் தோல்வி. அவருக்கு 30 வயதாகிவிட்டது, ஒரு கோப்பைகூட இல்லை. ஒப்பந்தத்தில் ஒரே வருடம்தான் மிச்சம், அதையும் விட்டால் கிளப்புக்குக் காசு எதுவும் வராமலே போய்விடுவார். பத்து கோடி யூரோ அளவுக்கு ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப் தருகிறது, வெளிநாட்டு லீக் வேறு. எங்களுக்கு எதிரே வந்து நிற்கப்போவதில்லை என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று டாட்டன்ஹாம்காரர்களுக்குத்தான் தெரியும். 2001-இல் எங்கள் கேப்டன் சோல் கேம்பல் ஒப்பந்தம் முடிந்ததும் நேரே எங்கள் பரம எதிரி ஆர்சனலுக்குப் போனார், அவர் பெயரை இன்றைக்கும் இங்கே நல்லவிதமாக யாரும் எடுப்பதில்லை.

லீக்கின் மற்ற அணிகளுடைய ரசிகர்கள்? ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் ஆர்சனல் ரசிகர். எங்களுக்கும் ஆர்சனலுக்கும் நடக்கும் வடக்கு லண்டன் டெர்பியில் எல்லாரையும்விட அதிக கோல் போட்டவர் போகிறார், மேஜைக்காரருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, பிரீமியர் லீக்கில் அதிக கோல் போட்ட ஆலன் ஷியரரின் சாதனையைப் பற்றித்தான் பேசினார். ஷியரர் 260, கேன் 213. இன்னும் 47 கோல், இரண்டு சீசன் ஆடியிருந்தால் பக்கத்தில் போயிருப்பார். "பார்த்திருக்க வேண்டிய ஒன்று, பார்க்க முடியாமல் போச்சே" என்கிற மாதிரிதான் அவர் பேச்சு இருந்தது. எனக்கும் இன்று வரை உள்ள ஒரே வருத்தம் அதுதான்.

2023 ஆகஸ்ட் 6 அன்று உக்ரைனின் ஷக்தார் டொனட்ஸ்க் அணியோடு ஒரு நட்பு ஆட்டம். போகப்போகிறார் என்று எல்லா இடத்திலும் பேச்சு, உறுதியாக எதுவும் இல்லை. என் மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், அவனுக்கு அப்போது 9 வயது, முதுகில் கேன் பெயரும் 10-ஆம் எண்ணும் போட்ட ஜெர்சி. துவைத்துத் துவைத்து அதில் முதல் எழுத்து ஓரத்தில் உரிந்து நின்றது. அன்றைக்கு கேன் நாலு கோல் போட்டார். நாலாவது கோலுக்கு எனக்குக் கத்தவே வரவில்லை, கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை அறிவிப்பு வந்துவிட்டது. அன்று இரவே ஜெர்மன் சூப்பர் கோப்பை ஆட்டத்தில் பேயர்ன் சட்டையில் இறங்கினார், லைப்சிக்கிடம் 3-0 தோல்வி, இன்னொரு கோப்பையும் போனது. வேறு யாராவது என்றால் நன்றாக வேண்டும் என்றிருப்போம், அன்று நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டது. என் மகன் அழவில்லை. ஜெர்சியைக் கொண்டுவந்து கொடுத்து அந்த எழுத்தை ஒட்டித் தரச் சொன்னான். பருத்தித் துணியை மேலே விரித்து இஸ்திரிப் பெட்டியை அழுத்திப் பிடித்தேன், ஒட்டிக்கொண்டது.

முதல் சீசனிலேயே ஜெர்மன் லீக்கான பூண்டஸ்லிகாவில் கேன் 36 கோல் போட்டார், ஆனால் அந்த வருடம் லெவர்குசன் சாம்பியன். கடைசியில் 2025 மே மாதத்தில் அவருக்கு லீக் பட்டம், அதே மாதம் பில்பாவோவில் எங்களுக்கு யூரோப்பா லீக், 17 வருடத்துக்குப் பிறகு ஒரு கோப்பை. பிரிந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் கிடைத்தது. அந்த மாதம் அவருக்காகவும் சேர்த்துத்தான் சந்தோஷப்பட்டேன்.

அதற்கு முந்தைய ஆகஸ்டில் பேயர்ன் நட்பு ஆட்டத்துக்கு எங்கள் ஸ்டேடியத்துக்கே வந்தது. கேனை முதலில் இறக்கவில்லை, ஆட்டம் முடியப்போகும் நேரத்தில்தான் மாற்று வீரராக வந்தார். நாங்கள் 3-2 என்று தோற்றுக்கொண்டிருந்தோம். எதிரணி ஸ்ட்ரைக்கர் உள்ளே வருகிறார், மைதானம் எழுந்து நின்று கை தட்டுகிறது. என் மகன் அந்தப் பழைய ஜெர்சியைத்தான் போட்டிருந்தான், தோள் இறுக்கம், கை முட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது. சீட்டின் மேல் ஏறி, அவர் திரும்பிப் பார்த்தால் தெரிய வேண்டும் என்று, முதுகை மைதானத்தின் பக்கம் காட்டிக்கொண்டு நின்றான்.